செம்பு ஒன்று, விளிம்பில் சில கீறல்

வெளிநாடு என்றால் துபாய், அமெரிக்கா, மிஞ்சிப் போனால் சிங்கப்பூர் என்றுதான் கல்யாணமாகும்வரை நினைத்திருந்தேன். கடல் கடந்து வந்த ஒரு மானியப் பத்திரத்தை டைப் அடிக்க உட்கார்ந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. ‘வெளிநாடுகளில் குற்ற வழக்குச் சான்றுப் பொருள்களைப் பேணும் முறையை வலுப்படுத்துவதற்கான நிதி’ என்று அதற்கு முழ நீளத்துக்கு ஒரு பெயர். அந்த வெளிநாடு எது என்று தேடிக்கொண்டு போனால், நாலாம் பக்கத்தில் திருவனந்தபுரம் என்று இருந்தது. கரமனையில் பஸ் ஏறி, டிபன் பாக்ஸும் குடையுமாக நான் தினமும் போய் வந்துகொண்டிருந்தது வெளிநாட்டுக்குத்தான். வீட்டில் சொன்னேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கரமனை அக்கிரகாரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ், ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ், இரண்டும் கையில் இருந்தன. நகரத்தின் ஒரு பழைய கோர்ட்டில் அந்த மானியத்தின் கீழ் ஒரு வருஷ ஒப்பந்த வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். வழக்குப் பொருள்களின் மலையாளப் பதிவேட்டை இங்கிலீஷில் மாற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நேர்காணலில் ஒருவர், "மலையாளம் வாயிக்கான் அறியாமோ?" என்று கேட்டார். "அறியாம் சார்" என்று கண்ணை இமைக்காமல் சொன்னேன். என் மலையாளம் பஸ் போர்டு மலையாளம். கிழக்கேகோட்டை, பேரூர்க்கடை, மெடிக்கல் காலேஜ், பழவங்காடியில் சில கடைப் பெயர்கள், அவ்வளவுதான். சாயங்காலம் இதைக் கேட்டுவிட்டு என் கணவர் சிரித்தார். "நீ போர்டைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ் போயிடறது. ரிஜிஸ்டர் எங்கேயும் ஓடாது, வெச்ச எடத்துலயே இருக்கும். தைரியமாப் போ" என்றார்.

வழக்குப் பொருளுக்கு மலையாளத்தில் ‘தொண்டி’ என்று பெயர். அது இருக்கும் அறை தொண்டி முறி. முதல் நாள் அந்தப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ஏதோ தொண்டு செய்கிற இடம் போலிருக்கிறது என்று மரியாதையாகச் செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போனேன். உள்ளே வெட்டுக்கத்தியும் கள்ளச்சாராயக் கேனும் சைக்கிளும் ரத்தம் காய்ந்த வேட்டியும் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. அதற்கப்புறம் செருப்பைக் கழற்றவில்லை.

அறைக்குப் பொறுப்பான கிளார்க் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தவர். ‘சார்’ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. அந்த அறையின் நிர்வாக முறை முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. வழக்கு எண்ணைச் சொன்னால் போதும், "மூணாமத்தே அலமாரா, குடையின்றெ அடியில்" என்பார். குடைக்கு அடியில் அந்தக் கத்தி இருக்கும். ஆனால் அவர் பொறுப்புக்கு வருவதற்கு முன்னால் வந்து சேர்ந்த பொருள்களைப் பற்றிக் கேட்டால் கையை விரித்துவிடுவார். அதெல்லாம் முன்னாடி இருந்தவரின் தலைக்குள் இருந்தன. அவர் ஓய்வு பெற்றபோது தலையையும் கூடவே கொண்டுபோய்விட்டார்.

மானியத்தில் நாலு கம்ப்யூட்டர் வந்தது. கோடுகோடாக ஸ்டிக்கர் அச்சடிக்கிற ஒரு மெஷின் வந்தது. பெட்டி பெட்டியாக ரப்பர் கையுறை வந்தது. அறையின் நடுவில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, அதற்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. கூரை என்ற தலைப்பு பத்திரத்தில் இல்லையாம். ஜூன் மாதம் இடவப்பாதி மழை தொடங்கியதும் ஸ்டிக்கரெல்லாம் ஈரத்தில் உரிந்து, கொலைக்கத்தியின் ஸ்டிக்கர் பிரஷர் குக்கரில் போய் ஒட்டிக்கொண்டது. சார் நூல்கண்டை எடுத்து, ஒவ்வொரு ஸ்டிக்கரையும் அட்டையில் ஒட்டி, ஓட்டை போட்டு, பழையபடி கட்டித் தொங்கவிட்டார். வந்து பார்த்த வெளிநாட்டு ஆலோசகர் அம்மாள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அந்த அம்மாள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். நல்ல மனுஷி. பாட்டில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் வைக்கமாட்டார். ‘செயின் ஆஃப் கஸ்டடி’ என்பது அவர் மந்திரம். ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒன்றுவிடாமல் எழுதி வைப்பதுதான் அது. முதல் தடவை அவர் அதைச் சொன்னதும் சார் எழுந்து இரும்புப் பீரோவைத் திறந்து, அறுத்துக்கொண்டு போன வழக்குகளின் தங்கச் செயின்களை வரிசையாக மேஜைமேல் வைத்தார். "ஏது செயினா மேடம்?" என்று கேட்டார், இதில் எந்தச் செயின் என்று. நான் மொழிபெயர்க்க வேண்டியவள். சிரிப்பு வந்துவிட்டதால் இருமுவதுபோல் வெளியே போய்விட்டேன்.

மற்றவர்களைக் கிண்டல் செய்தது போதும், என் லட்சணத்துக்கு வருகிறேன். பதிவேட்டை விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்து ஏற்றிக்கொண்டிருந்தேன். தெரியாத சொல்லுக்குச் சாரைக் கேட்பேன். தெரிந்த சொல்லுக்கு எதற்குக் கேட்க வேண்டும்? ஒருநாள் ஒரு வரி வந்தது. ‘செம்பு ஒந்நு. வக்கில் சில வரகள்.’ வக்கு என்றால் விளிம்பு, வர என்றால் கோடு, இரண்டையும் சாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். செம்பு என்ற சொல்லை யாரிடமாவது போய்க் கேட்பார்களா? பிறந்ததிலிருந்து செம்பில்தான் தண்ணீர் குடித்திருக்கிறேன். ‘சிறிய தண்ணீர்ப் பாத்திரம், ஒன்று. விளிம்பில் சில கீறல்’ என்று அழகாக இங்கிலீஷில் அடித்துவிட்டு, ஒரு செம்பைத் திருடினதற்கா ஒருத்தன் மேல் கேஸ் போட்டார்கள், பாவம், என்று இரக்கமும் பட்டேன்.

அந்த ஒருத்தரை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

கோர்ட் வராந்தாவில் வாய்தாவுக்கு வாய்தா ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். வரும் வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஒரு சில்லை இலையில் சுற்றிக்கொண்டு வருவார். தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் எனக்கும் அதில் பாதி கிடைக்கும். அவர் தேகண்டக்காரர். கல்யாணத்துக்கும் சஷ்டியப்த பூர்த்திக்கும் சமைப்பவர்களை எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் சமைக்கப் போனவர், தன்னுடைய பெரிய பாத்திரத்தையும் கொண்டுபோயிருக்கிறார். விருந்து முடிந்து அதை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் மண்டபத்து மேனேஜர், எங்கள் பாத்திரத்தைக் காணோம் என்று புகார் கொடுத்தார். போலீஸ் வந்து கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவர் கோர்ட் பாஷையில் திருட்டுக் கேஸ் ‘எதிரி’, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்.

வேலைக்குக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லையாம். "இந்தத் தடவை வேற எடத்துல சொல்லிட்டோம் மாமா" என்பார்களாம். "ஒரு ஆத்துல, நான் குடிக்கத் தூத்தம் கேட்டு உள்ள போனேன், கேட்டியா. அந்த மாமி கதவைச் சாத்தலை. வெள்ளி விளக்கை எடுத்து உள்ள கொண்டு வெச்சா. அதுக்குக் கதவைச் சாத்தியிருக்கலாம்" என்றார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். தான் திருடவில்லை என்று கோர்ட் சொல்ல வேண்டும். பாத்திரம் வந்து ஜட்ஜ் முன்னால் நின்றால் போதும், அதுவே சொல்லும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு வழியாகப் பாத்திரத்தை ஆஜர்படுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. நம் புது முறைப்படி கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினார்கள். ‘சிறிய தண்ணீர்ப் பாத்திரம்’ என்று வந்தது. ஒரு பியூன் போய்ச் சில்லறைப் பாத்திரங்கள் இருந்த தட்டில் தேடி, அட்டை இல்லாமல் கிடந்த ஒரு குட்டிச் செம்பைக் கண்டுபிடித்தார். அதற்கு ஒரு புது ஸ்டிக்கர் அடித்து நானேதான் கட்டிக் கொடுத்தேன். சந்தனக் கிண்ணத்துக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்த அந்தச் செம்பை மேஜைமேல் வைத்து, "ஐந்நூறு பேருக்குப் பாயசம் வைத்த பாத்திரம் இதுதானா?" என்று மேனேஜரைக் கேட்டிருக்கிறார்கள். கோர்ட் முழுக்கச் சிரித்ததாம். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. மேனேஜரோ சட்டென்று ஒரு காரியம் செய்தார். எதிரி ஆள் பிடித்துத் தொண்டியையே மாற்றிவிட்டான் என்றார்.

வராந்தாவில் கிழவர் தேங்காய்ப் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். "ஒரு திருட்டு போறாதுன்னு இப்போ ரெண்டாவது திருட்டும் என் தலையில. நான் அந்த முறியோட வாசலைக்கூட மிதிச்சதில்லை, கொழந்தே" என்றார்.

"என்ன பாத்திரம் மாமா அது?"

"செம்பாக்கும். ரெண்டு பேர் சேர்ந்து தூக்கணும்."

"செம்பை எதுக்கு ரெண்டு பேர் தூக்கணும்?"

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க தமிழ்நாட்டுப் பாண்டிக்காரா ‘அண்டா’ம்பேள். இங்க அதுக்குச் செம்புன்னுதான் பேரு."

இரண்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். கல்யாண வீடுகளின் கொல்லைப்புறத்தில் ‘செம்பு எடு, செம்பு எடு’ என்று கத்திக்கொண்டு ஆள் உயரப் பாத்திரத்தைத் தூக்கிப் போகிறவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். மண்டையில் ஏறவில்லை. மேனேஜர் சொன்னது ஒரு விதத்தில் உண்மைதான். தொண்டியை மாற்றிய ஆள் நான்.

வேலை போய்விடும் என்ற பயம்தான் முதலில் வந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை. மூன்று மணிக்குச் சாரிடம் போய், எனக்கு மலையாளம் பஸ் போர்டு அளவுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எனிக்கு ஆத்யத்தெ திவசமே அறியாம் மோளே. நீ செருப்பு ஊரியிட்டு கேறி வந்நில்லே" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்த முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு இரண்டு பேரும் பெரிய செம்பைத் தேடினோம். அலமாரிகளுக்குப் பின்னால், சைக்கிள்களுக்கு அடியில், மாடிப்படி இடுக்கில் பார்த்தோம், எங்கும் இல்லை. களைத்துப்போய் அறையின் நடுவில் நின்றோம். ‘டொக்’ என்று ஒரு சத்தம். கூரை ஒழுக்கு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தோம். ஒழுக்குக்கு அடியில், இடுப்பு உயரத்துக்கு, பாசி பிடித்துப் பச்சையாக, மழைத்தண்ணீர் நிரம்பி நின்றுகொண்டிருந்தது அந்தச் செம்பு. சார் வந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறதாம். கட்டட வேலைக்காரர்கள் விட்டுப் போனது என்று நினைத்து, மழை நாளில் தினமும் தண்ணீரை மொண்டு ஊற்றியிருக்கிறார்.

தண்ணீரை இறைத்துவிட்டு விளிம்பைத் தடவினேன். பச்சைக் களிம்புக்குக் கீழே விரலுக்குப் புள்ளி புள்ளியாகத் தட்டியது. கொஞ்சம் புளி கிடைத்தால் ஒரு நிமிஷத்தில் தேய்த்துவிடலாம், கான்டீனில் கேட்கிறேன் என்று கிளம்பினேன். "தொடருதே! அது தொண்டியாணு!" என்று தொடவிடாமல் சார் போட்ட சத்தத்தில் பக்கத்து செக்‌ஷனிலிருந்து ஆள் வந்துவிட்டது. அஞ்சு வருஷம் ஒழுக்குத் தண்ணீர் பிடித்தபோது அது தொண்டி இல்லை, நான் புளி போடும்போது மட்டும் தொண்டி. கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை விளிம்பில் வைத்துப் பென்சிலால் லேசாக உரசினேன். எழுத்து எழும்பி வந்தது. பதிவேட்டில் ‘சில வரகள்’ என்று எழுதினார்களே, அந்தக் கோடுகள் தமிழ். பாத்திரக் கடையில் உளியால் புள்ளி வைத்துப் பெயர் வெட்டுவார்களே, அதுதான். ஒரு பெண்ணின் பெயரும், முன்னால் ஊரின் முதலெழுத்தும் இருந்தன. கிழவரின் அம்மா பெயர், பிறகு அவரே சொன்னார். அது என்ன பெயர் என்று இங்கே எழுதமாட்டேன். அன்று அதை உரக்க வாசித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மலையாளம் தெரியாமல் நான் தொலைத்ததைத் தமிழ் தெரிந்ததால் நானே எடுத்துவிட்டேன் என்ற சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதி ஆலோசகர் அம்மாளுக்கு அனுப்பினேன். வேலைக்குத் திதி கொடுத்துவிட்டதாகவே நினைத்தேன். அந்த அம்மாளோ துள்ளிக் குதித்தார். அவருடைய அறிக்கையில் ‘கண்டறியப்பட்ட முரண்பாடுகள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். தொடங்கிய நாளிலிருந்து அது காலியாகவே இருந்ததாம். இப்போது ஒன்று கிடைத்துவிட்டது. தப்பைச் செய்ததும் நான், கண்டுபிடித்ததும் நான் என்று விளக்கினேன். முறை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை என்று கையைக் குலுக்கினார்.

கோர்ட்டில் எழுத்தை வாசிக்க யாராவது வேண்டுமே. என்னையே கூண்டில் ஏற்றினார்கள். சத்தியம் செய்துவிட்டு, தமிழ் என் தாய்மொழி என்றேன், பெயரை வாசித்தேன். உட்காரப் போகும்போது அரசு வக்கீல் எழுந்தார். இதே பொருளைக் கையடக்கச் செம்பு என்று மொழிபெயர்த்ததும் நீங்கள்தானா? ஆமாம். மலையாளம் தெரியுமா? கடவுள் பெயரால் சத்தியம் செய்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "பஸ் போர்டு வாசிப்பேன்" என்றேன். இந்தத் தடவை மாஜிஸ்ட்ரேட்டும் சிரித்தார். சாயங்காலத்துக்குள் கோர்ட்டில் எனக்கு ‘பஸ் போர்டு’ என்று பெயர் நிலைத்துவிட்டது. மேனேஜரோ விடவில்லை. மண்டபத்துக்குப் பழைய பாத்திரங்களையும் விலைக்கு வாங்குவோம், அதில் யார் பெயர் வேண்டுமானாலும் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தீர்ப்பு வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், கிழவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தீர்ப்பின் நகல், இங்கிலீஷில்.

"வக்கீல் ‘வெறுதே விட்டு’ன்னு சொல்றார். மலையாளப் பேப்பர்ல அப்படித்தான் போடுவா, நேக்குத் தெரியும். ஆனா வெறுதேன்னா, சும்மா விட்டாள்னா, என்ன அர்த்தம்? பாவம், கிழவன், போய்த் தொலையட்டும்னு விட்டாளா? திருடலைன்னு விட்டாளா? நீ வாசி. நான் திருடலைன்னு எங்க எழுதியிருக்குன்னு விரலை வெச்சுக் காட்டு."

வாசித்தேன். நாலு பக்கம். குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று இருந்தது. சந்தேகத்தின் பலன் எதிரிக்கு அளிக்கப்படுகிறது என்று இருந்தது. பாத்திரத்தை எதிரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கடைசி வரி இருந்தது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட அவர் எதிரிதான். அவர் திருடவில்லை என்று எங்குமே இல்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். எனக்கு அந்த மாஜிஸ்ட்ரேட்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில் விரலை வைத்தேன்.

"இவர் திருடவில்லை. பாத்திரம் இவருடையது. இவரிடமே கொடுத்துவிடவும்."

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை, இன்னும் நிறுத்தி வாசித்தேன். சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போடச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. அக்கிரகாரத்தில் வீடு வீடாக ஏறி, அந்தத் தாளை நீட்டி, சிவப்புக் கோட்டை வாசிக்கச் சொல்கிறார் என்று கணவர் வந்து சொன்னார். எங்கள் தெருவில் ரிட்டயர் ஆன வக்கீல் உண்டு, ஏஜீஸ் ஆபீஸ்காரர்கள் உண்டு, காலேஜில் இங்கிலீஷ் நடத்தினவர் உண்டு. என் இங்கிலீஷ் அவர்கள் கால் தூசுக்கு ஆகாது. வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. தூத்தம் கேட்டு, நின்றபடியே குடித்தார்.

"பத்து ஆத்துல காட்டிட்டேன், கேட்டியா. வெள்ளி விளக்கு மாமி ஆத்துலயும். எல்லாரும் கண்ணாடியைப் போட்டுண்டு, ரொம்ப நாழி பார்த்துட்டு, நீ சொன்னதையே வார்த்தை மாறாம சொன்னா. வக்கீல் மாமா ரெண்டு தடவை சொன்னார்." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "உனக்கு மலையாளம் தெரியாதுன்னு கோர்ட்டுல சிரிச்சாளே, சிரிக்கட்டும். இங்கிலீஷ் நோக்கு நன்னா வரது, கொழந்தே."